பாதியில் விட்ட ஊர்கள்

முதல் ஆள் வந்தது குழாயில் தண்ணீர் வருகிற ஒரு காலையில். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், உப்புக்காற்று தின்று சுவர்களெல்லாம் பொரிந்து உதிர்கிற சிப்பிக்காரத் தெருவில், பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, இரும்புச் சட்டையும் முழங்கால் வரைக்கும் தோல் காலணியுமாக, தோளில் ஓர் ஈட்டியைச் சாய்த்துக்கொண்டு ஒரு மனிதன் தெற்கேயிருந்து நடந்து வந்து, கையில் குடம் எதுவும் இல்லாமல் வரிசையின் கடைசியில் நின்றான். அவன் முறை வந்ததும் குழாயைப் பார்த்து, "பாலம் ஒடஞ்சு கெடக்கு, அந்தப் பக்கம் போவாதீய" என்றான். அந்தப் பக்கம் பாலம் என்று ஒன்று கிடையாது, ஐஸ் கம்பெனிதான் உண்டு. ஆனாலும் அவன் சொன்ன விதத்தில் ஓர் அக்கறை இருந்ததால், பெர்பெத்துவா, "இந்த வெயிலுக்கு இரும்பப் போட்டுட்டு வந்திருக்கு பாரு, பாவம்" என்று ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அவன் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். அதைக் குடிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வரிசையில் அவனைத் தெரிந்தவள் ஒருத்திதான். டெல்பின் தன் வாளியைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிவியில் ஆடுகிற ஒரு விளையாட்டில், அந்தப் பாலத்தடியில் அவனை நிறுத்திவிட்டு வந்தது அவள்தான். மரம் வெட்டிக்கொண்டு வருகிறேன், சரி செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, மரம் வெட்டப் போகிற வழியிலேயே அந்த விளையாட்டு அலுத்துப்போய், டிவியை அணைத்துவிட்டு அடுத்த நாள் வேறொன்றைப் போட்டுவிட்டாள்.

டெல்பினுக்குத் துறைமுகச் சாலை எடைமேடையில் வேலை. மத்தியானத்துக்குமேல் உப்பு லாரிகள் ஒவ்வொன்றாக வந்து மேடையில் ஏறும், எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும், அவள் சீட்டை அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். காலை நேரம் முழுக்க அவளுடையது. அவள் புருஷன் கிளாட்வின் கப்பல் இன்ஜின் மெக்கானிக். விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனவன், ஆரம்பத்தில் தினமும் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினான், பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேசினான், பிறகு பேசவில்லை. அவன் செத்துப்போகவில்லை, சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதாகவும் தகவல் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். தெருவில் யாராவது கேட்டால் டெல்பின், "வருவாவ" என்பாள். அந்தச் சொல் அவள் வாயில் நாளுக்கு நாள் தேய்ந்து, கடைசியில் யாரும் கேட்காமல் விட்டார்கள்.

அவன் விட்டுப்போனவற்றில் டிவியோடு மாட்டி விளையாடுகிற ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தது. ஒருநாள் தூசி தட்டப் போனவள் அது ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டுப் பார்த்தாள். திரையில் ஒரு மலைக்கணவாய், விடாமல் பெய்கிற பனி, அதில் கையில் விளக்கோடு உயரமான ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கிளாட்வின் விளையாட்டை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தான். பனி பெய்துகொண்டே இருந்தது, அவன் நின்றுகொண்டே இருந்தான், இவன் எத்தனை மாதமாக இப்படி நிற்கிறானோ என்று அவளுக்குத் தாங்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. எடுத்து, எதையோ அழுத்தி, முன்னால் தள்ளினாள். திரையில் அவளுக்குப் பதிலாக நின்ற உருவம் ஓரடி வைத்தது. விளக்குக்காரன் பின்னாலேயே வந்தான். "வாடா ராசா, வா" என்றாள் டெல்பின். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த விளையாட்டுகளில் நாம் வேறொரு ஆளாகி வேறொரு நாட்டுக்குள் இறங்குகிறோம், வாளோ வில்லோ எடுத்துக்கொள்கிறோம், ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவர் குறையையும் நின்று கேட்கிறோம், கேட்டதைச் செய்து கொடுக்கிறோம், கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கூடுகிறது, கூட நடக்கிறவர்கள் சேர்கிறார்கள், கடைசியில் ஒரு கதவோ கோட்டையோ வருகிறது, அதைத் தாண்டினால் கதை முடிந்து எல்லாரும் கையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஹால்வர் என்ற அந்த விளக்குக்காரன் காணாமல் போன தன் தங்கையைத் தேடுகிறவன். டெல்பின் அவனைப் பனியிலிருந்து இறக்கி, சதுப்பு தாண்டி, எரிந்த ஊர்கள் தாண்டி, கடைசிக் கதவு வரைக்கும் கூட்டிவந்தாள். கதவைத் தொட்டவள், திறந்துவிட்டால் நாளைக் காலையில் கூட நடக்க ஆள் இருக்காதே என்று நினைத்தாள். சேவ் பண்ணினாள். அணைத்தாள். அடுத்த விளையாட்டை இறக்கினாள்.

அதற்கப்புறம் எத்தனையோ நாடுகள். பாலைவனத்தில் ஒன்று, ஆகாயத்தில் மிதக்கிற தீவுகளில் ஒன்று, கடலுக்கடியில் மணியடிக்கிற நகரம் ஒன்று. முதல் ஊருக்குள் நுழைந்து அங்கே யார் யாருக்கு என்ன துக்கம் என்று கேட்டு முடித்ததும் சிலவற்றை விட்டுவிடுவாள், பாதி மலை ஏறிச் சிலவற்றை விடுவாள், நன்றாக இருக்கிறது, பண்டிகை லீவில் உட்கார்ந்து ஆடலாம் என்று மிகவும் பிடித்தவற்றை எடுத்து வைப்பாள். முடித்தவை கொஞ்சம்தான். யார்மேலும் பிரியம் விழாத விளையாட்டுகளை மட்டும் அவள் முடித்தாள்.

பாலத்துக் காவல்காரனுக்குப் பின்னால் மற்றவர்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் தெற்கே உப்பளத்துப் பக்கமிருந்துதான் வந்தார்கள், எல்லாரும் பகலில்தான் வந்தார்கள். எல்லாரும் தமிழ் பேசினார்கள். டெல்பின் டிவி முன்னால் உட்கார்ந்து பேசிய தமிழ்தான் அவர்கள் கேட்டிருந்த தமிழ் என்பதால், வெள்ளித் தாடி வைத்த மந்திரவாதிகூட "அட எழவே, மறுபடியுமா" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அவர்கள் சாப்பிடமாட்டார்கள், நனையமாட்டார்கள். நிழல் மட்டும் அவரவர் ஊர் வெயிலுக்கு விழும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒருவன் நிழல் மேற்கே நீண்டு கிடக்கும், இன்னொருத்தி நிழல் கிழக்கே கிடக்கும், நிழலே இல்லாமல் ஒருவன் நடுவில் நிற்பான். முழங்கால் உயரத் திட்டைக்கூட அவர்களுக்குத் தாண்டத் தெரியாது. சுற்றிப் போக வழியில்லாவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டே நடந்துகொண்டிருப்பார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் அவர்கள் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பிவிட்டுப் போவார்கள். பூசைக்குப் போகிற அவசரத்திலும், மீன் கூடை தலையில் இருந்தாலும், ஒரு கையால் திருப்பிவிட்டுப் போவது சிப்பிக்காரத் தெருவின் பழக்கமாயிற்று.

பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள், இவர்களுக்கு என்ன செய்யலாம் என்று. அவர் வந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "பாவம் செஞ்சிருந்தா பாவசங்கீர்த்தனம் கேக்கலாம். இவிய இன்னும் ஒண்ணுமே செய்யலியே, நிக்காவ" என்றார். ஸ்டேஷனிலிருந்து வந்த போலீஸ்காரர் பெயரும் ஊரும் விசாரித்தார். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். காவல்காரனைத் தெரு முனையில் நிறுத்தினார்கள், வேகமாக வருகிற பைக்குகள் அவனைக் கண்டதும் தாமாகவே மெதுவாயின. சத்திரக்காரி ஒருத்தி காலியாகக் கிடந்த வலைக்கூடத்தில் கட்டில்களை விரித்தாள். அவள் கட்டிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் உடம்பில் எந்த வலியும் இருக்காது என்று தெரிந்ததும், கடலிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களெல்லாம் நேரே அங்கே போய்ச் சாய்ந்தார்கள்.

மளிகைக்கடை தொம்மை அண்ணாச்சிக்கு ஒரு வியாபாரி கிடைத்தான். யார் எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வது அவன் சுபாவம். வளைந்த ஆணி, ஓட்டை வாளி, சுறா முள், ஒற்றைச் செருப்பு, எதுவானாலும் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல சாமான் கொண்டாந்திருக்கீய" என்பான். வெகுகாலமாகத் தங்கள் கையிலிருக்கிற எதையும் யாரும் நல்லது என்று சொல்லிக் கேட்டிராத ஜனங்கள், அந்த ஒரு வார்த்தைக்காக வீட்டு மூலைகளைக் கிளறி எதையாவது எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்கு வந்தார்கள். வந்தவர்கள் சீனியும் வாங்கிப் போனார்கள். அண்ணாச்சி அவனுக்குத் தன் பழைய சட்டையைப் போட்டுவிட்டார்.

ஆட்டுக்காரி ஒருத்தியால்தான் தெருவுக்குத் தூக்கம் கெட்டது. சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய ஒல்லிப் பெண், வருகிறவர் போகிறவர் எல்லாரையும் மறித்து, "எங்க ஆட்ட பாத்தீயளா? கழுத்துல மணி கெட்டிருக்கும்" என்று கேட்பாள். இல்லை என்றால் அழமாட்டாள், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் கேட்பாள். பெர்பெத்துவா மனம் பொறுக்காமல் சந்தையிலிருந்து ஒரு குட்டியை வாங்கி மணியும் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆட்டுக்காரி குட்டியின் நெற்றியைத் தடவினாள், பிறகு பெர்பெத்துவாவிடமே திரும்பி, "எங்க ஆட்ட பாத்தீயளா?" என்றாள்.

பெர்பெத்துவா நேரே டெல்பின் வீட்டுக்கு வந்தாள். அவள் கிளாட்வினின் அக்கா. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள்.

"ஏட்டி டெல்பின், இவியெல்லாம் ஒன்னத் தேடித்தான் வந்திருக்காவன்னு தெருவுக்கே தெரியும். நீ கதவச் சாத்திட்டுக் கெடந்தா எப்படி?"

"நா என்ன மதினி செய்ய?"

"ஆட்டக் கண்டுபிடி. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு."

டெல்பின் அந்த விளையாட்டைத் தேடி எடுத்துப் போட்டாள். அவள் விட்டுவிட்டு வந்த இடம் ஒரு குகை வாசல். உள்ளே இருட்டு, ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம், அங்கே பாறை இடுக்கில் கயிறு சிக்கி ஆடு நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் போதும். அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம். திரையில் அவள் கயிற்றை அவிழ்த்த அதே நொடியில் தெருவில் மணிச்சத்தம் கேட்டது, எல்லாரும் கேட்டார்கள். ஆட்டுக்காரி தலையைத் திருப்பினாள். அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பற்றிச் சிப்பிக்காரத் தெருப் பெண்கள் அப்புறம் வெகுநாள் பேசினார்கள். பிள்ளை பெற்ற மறுநிமிஷம் தங்கள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும் என்றார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் உப்பளத்துப் பக்கம் ஓடினாள், வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே சிவப்புத் துணி தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

அதிலிருந்து டெல்பின் விட்ட ஊர்களுக்கெல்லாம் திரும்பிப் போக ஆரம்பித்தாள். மரம் வெட்டிப் பாலத்தைச் சரி செய்தாள், காவல்காரன் ஈட்டியை இறக்கி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனான். கடலுக்கடி நகரத்தின் மணியை நிறுத்தினாள். ஒவ்வொரு கதை முடியும்போதும் தெருவில் ஒரு பக்கம் வெறுமையானது. முடிக்கச் சொன்னவர்களே முடிக்க வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சத்திரக்காரி போன அன்று, கடலிலிருந்து வந்தவர்கள் காலிக் கட்டில்களின் முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். வியாபாரியின் முறை வந்தபோது தொம்மை அண்ணாச்சி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்த ஆள மட்டும் விட்டுரு தாயி. கடையில ஒரு சத்தம் இருக்கு."

"அவருக்கு ஊருல ஒரு மவ இருக்கா அண்ணாச்சி. வாசல்லயே நிக்கா. கதையில வருது."

அண்ணாச்சி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். "என்ன வயசு?" என்றார். "சின்னப் பிள்ளதான்." அவர் கடைக்குப் போய், ஒரு பொட்டலம் மக்ரூனைக் கட்டி வியாபாரி கையில் கொடுத்து, "மவளுக்குக் குடு வே" என்றார். அவன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல சாமான் கொண்டாந்திருக்கீய" என்றான். அண்ணாச்சி உள்ளே போய்விட்டார்.

ஹால்வர் எப்போது வந்தான் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கூட்டம் மிகுந்திருந்த நாட்களில் ஏதோ ஒன்றில் வந்து, டெல்பின் வீட்டு எதிர்ச்சுவரோரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதையும் கேட்கவில்லை. பேர் வாயில் நுழையாததால் தெரு அவனை அல்வாரீஸ் என்று கூப்பிட்டது. அந்தப் பெயரில் ஏற்கெனவே பல குடும்பங்கள் இருந்தபடியால் அவனும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையைப் போலத் தோன்றினான். திரையில் இருந்தவரை அவனை "வாடா" என்றே சொல்லிப் பழகிய டெல்பின், முதல் தடவை நேரில் பார்த்தபோது சேலையைச் சரிசெய்துகொண்டு "வாங்க" என்றாள். அவள் எடைமேடைக்கு நடந்தால் இரண்டடி பின்னால் நடந்தான். லாரிகள் ஏறி இறங்கும்வரை வெளியே நின்றான். திரும்பி நடந்தால் திரும்பி நடந்தான். தெரு அதற்குக் கதை கட்டவில்லை. "ஒருத்தியாப் போறவளுக்கு ஒரு தொணைதான்" என்றது.

ஒருநாள் உப்பளத்துச் சாலையில் அவனே பேசினான். கடைசிக் கதவு வரைக்கும் அவளோடு நடந்தவன் என்பதால், மற்றவர்களைப் போல ஒரே வாக்கியத்தோடு அவன் பேச்சு நிற்கவில்லை.

"மொதல்ல என்னைய கூட்டிட்டு வந்தவிய எங்க?"

டெல்பின் நின்றாள். "மொதல்ல வேற ஆளுன்னு எப்படித் தெரியும்?"

"நட வேற. அவிய வேகமாப் போவாவ, திரும்பியே பாக்க மாட்டாவ. நீங்க நின்னு நின்னு திரும்பிப் பாப்பீய."

"வேலைக்குப் போயிருக்காவ."

"எப்ப வருவாவ?"

வருவாவ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவன் முகம் அவள் முகத்தைப் போலவே இருந்தது, பனியில் நிற்கிற முகம். இதே ஆளால் இதே மாதிரி நிறுத்தி வைக்கப்பட்ட இன்னொருவரிடம் அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு முடியவில்லை. "தெரியல" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. உப்பு அள்ளுகிற பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தார்கள்.

கொஞ்ச தூரம் நடந்தபின் ஹால்வர், "கதவு வரைக்கும் வந்துட்டோம்லா. ஏன் நின்னுட்டீய?" என்றான்.

"தொறந்தா நீங்க போயிருவீய."

"உள்ள எந் தங்கச்சி இருக்கா."

"இருக்காளான்னு தெரியாது. இல்லாமலும் இருக்கலாம்."

"இல்லன்னா இல்லன்னு தெரியணும்லா" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. "இந்தப் பக்கம் நின்னா அவ கூப்புடுத மாதிரியே இருக்கு. என்னால ஒக்கார முடியல, படுக்க முடியல. வேற எதயும் நெனைக்க முடியல. நீங்க நல்லவிய. ஆனா நிக்க வச்சிட்டீய."

டெல்பின் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, அவனை விட்டுவிட்ட நாளை நினைத்தாள். அவனை வதைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. நாளைக்குத் திறக்கலாம் என்றுதான் நினைத்தாள், அடுத்த நாளும் நாளைக்கு என்றுதான் நினைத்தாள். பிரியம் இருந்ததால்தான் தள்ளிப் போட்டாள், தள்ளிப்போட்டதை நினைத்து வெட்கப்பட்டதால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, டெல்பின் கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்தாள். தெருவே உள்ளே வந்தது. அண்ணாச்சிக்கு நாற்காலி போட்டார்கள், பெர்பெத்துவா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஹால்வர் வாசலில் நின்றான். திரையிலும் அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்றான், இரண்டு விளக்குகளும் எரிந்தன. கதவைக் காக்கிற பெரிய உருவம் ஒன்று எழுந்தது. அந்த விளையாட்டில் டெல்பினுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது, செத்துச் செத்துத் திரும்பி வந்தாள். "ஏட்டி, எடது பக்கம் போ, எடது பக்கம்!" என்று பெர்பெத்துவா கத்தினாள். மந்திரவாதி இன்னும் போகாமல் மிச்சமிருந்தவர். "அட எழவே, மறுபடியுமா" என்று ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்தில் சொன்னார். வெயில் சாய்கிற நேரத்தில் உருவம் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. டெல்பின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே சிறிய அறை. ஒரு கல் பெஞ்சு, அதன்மேல் மடித்து வைத்த ஒரு சால்வை, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். ஆள் யாரும் இல்லை. திரையில் இருந்த ஹால்வர் மெல்லப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான், உட்கார்ந்தே இருந்தான், அவனைச் சுற்றி, கதை முடிந்ததைக் காட்டும் எழுத்துகள் மேலே ஏற ஆரம்பித்தன.

டெல்பின் வாசலைப் பார்க்கப் பயந்தாள். அப்புறம் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க" என்றாள்.

"இனி கேக்காது" என்றான் ஹால்வர். விளக்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். அந்தக் கைகள் காலியாக இருந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. "அவ கொரலு. இனி கேக்காது."

"வருத்தமா இருக்கா?"

"வருத்தந்தான். ஆனா இது எனக்குச் சொந்தமான வருத்தம். இதத் தூக்கிட்டு நா எங்கயும் போவலாம்."

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினான். தெரு முனைவரை டெல்பின் கூடப் போனாள். அவன்தான் முன்னால் நடந்தான். அவள் இரண்டடி பின்னால் நடந்தாள். திட்டு ஒன்று குறுக்கே வந்தது. சுற்றிப் போகாமல் காலைத் தூக்கி வைத்து அதைத் தாண்டினான், தாண்டிவிட்டோம் என்பதைக் கவனிக்கக்கூட இல்லை. பிறகு உப்பளத்து வெள்ளைக்குள் போனான்.

எல்லாரும் கலைந்தபின் பெர்பெத்துவா மட்டும் எழவில்லை. "எந் தம்பி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்ட்டி" என்றாள்.

"எனக்கும் தெரியும் மதினி, ஒங்களுக்குத் தெரியும்னு."

"நீ கேக்கல."

"கேட்டா நீங்க சொல்லிருவீயன்னு பயமா இருந்துச்சு."

இரண்டு ரயில் மாறி டெல்பின் விசாகப்பட்டினம் போனாள். துறைமுகத்துக்கு மேலே ஏறுகிற ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை, பூட்டியிருந்தது. எதிர்ச்சுவரோரம் நின்றாள். அவளுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. போகிறவர்கள் ஏதோ கேட்டார்கள். அவள், "கிளாட்வின்" என்ற ஒரே வார்த்தையைச் சொன்னாள், கேட்ட ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். டீக்கடைக்காரர் ஒரு கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்தனுப்பினார். வெயில் ஏறியபோது எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, அவள் தோளைப் பிடித்து மெல்ல நிழல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுப் போனாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் வந்தான். முடி கொட்டியிருந்தது, கையெல்லாம் கிரீஸ். அவளைக் கண்டதும் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். ஓடவில்லை.

"நானே வரணும்னுதான் இருந்தேன் டெல்பின்."

"தெரியும்."

"சத்தியமா. ஒவ்வொரு மாசமும் நெனைப்பேன். அப்புறம் இவ்வளவு நாள் கழிச்சு என்ன மொகத்த வச்சிக்கிட்டுப் போறதுன்னு…"

"தெரியும்ங்க. நானும் எத்தனையோ பேர அப்படித்தான் விட்டுட்டுக் கெடந்தேன்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் புரிய வைக்கவும் இல்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒருத்தர் படுக்கிற கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"ஒங்களக் கூட்டிட்டுப் போவ வரல. திட்டவும் வரல. முடிச்சிக் குடுங்க, அவ்வளவுதான்."

"என்ன சொல்லச் சொல்லுத?"

"உள்ளத."

கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அது ஓயும்வரை அவன் காத்திருந்தான். பிறகு அவள் கண்ணைப் பார்த்து, "நா வர மாட்டேன் டெல்பின்" என்றான். சொன்னவுடனே படியில் உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்தில் நின்று, அவன் அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள். தொட வேண்டும் போலிருந்தது. அந்தப் பிடரியில் இருந்த மச்சத்தை, கல்யாணமான புதிதில் அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். இப்போதும் அது அங்கேதான் இருந்தது. தொடவில்லை. ஸ்டேஷனுக்கு எந்தப் பஸ் என்று கேட்டாள். கூட வருகிறேன் என்று எழுந்தவனை வேண்டாம் என்றாள்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. பஸ் ஒரு சந்தை ஓரமாக நின்றபோது ஏனோ இறங்கிவிட்டாள். படிக்கத் தெரியாத எழுத்தில் பலகைகள், தெரியாத பேச்சு, மலைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குவித்த சீத்தாப்பழங்கள். விற்கிற பெண்ணுக்கு டெல்பின் வயதுதான் இருக்கும். அழுது வீங்கிய முகத்தைக் கண்டு ஒன்றும் கேட்காமல், பழுத்த ஒன்றை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை நீட்டினாள்.

"தினு" என்றாள்.

தின்னு என்கிறாள். அந்த ஊரில் டெல்பினுக்குப் புரிந்த முதல் வார்த்தை அது. கடை ஓரத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்து, விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பி, அவசரமில்லாமல் தின்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. அந்தப் பெண் தராசைத் துடைத்தபடி, மற்றப் பாதியைத் தானும் தின்ன ஆரம்பித்தாள்.